இடுப்பில் இரண்டு கிலோ

தராசின் உடம்பிலிருந்து ஒரே வருடத்தில் மூன்றரைக் கிலோ காணாமல் போயிருந்தது. அவர் யாரிடமும் புகார் செய்யவில்லை. எடுத்தது யார், அது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

தராசு என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தெட்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசு பழுது பார்த்தவர். பழுது பார்ப்பதைவிடப் பழுதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்தெடுத்த எடைக்கல், நிறுக்கும்போது தட்டின் விளிம்பில் தற்செயலாக இளைப்பாறும் கட்டைவிரல், எல்லாவற்றையும் கடை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். சத்தமாகச் சொல்வார். சரக்கு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சொல்வார். அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. வாடிக்கைதான் இல்லை.

எழுபத்திரண்டு வயதில் அவர் கையில் மிஞ்சியவை மூன்று. மூலையில் நிற்கும் ஓர் ஆள் ஏறும் தராசு, ஒரு சின்னத் தட்டுத் தராசு, முத்திரை குத்திய நான்கு அரைக் கிலோ எடைக்கற்கள். போன வருடத்திலிருந்து நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகை. அதிகாரிகள் அதை அப்படிச் சொன்னார்கள். தெருவில் எல்லோருக்கும் அது பென்ஷன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பென்ஷன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மகள் ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வர்றாங்களாம்பா. வருஷாந்திர எடை பார்க்க."

"வரட்டும். எடை பார்க்கறது நல்ல விஷயம்தானே."

"கீழே ஒண்ணு போட்டிருக்கு. கேளுங்க." அவள் ஒரே மூச்சில் வாசித்தாள். "பயனாளியின் எடை சென்ற ஆண்டைவிட இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், உதவித்தொகை அவருக்குப் பயன்படவில்லை என்று கருதப்படும். பணம் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டுச் சீட்டு வழங்கப்படும். பயனாளி நேரில் வந்து, அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும்."

உள்ளே குண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

குண்டு அவருடைய பேத்தி. ஐந்து வயது. அந்தப் பெயருக்கும் அவள் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாலு வயதில் அவள் பதினொன்றரைக் கிலோ இருந்தாள். குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ் அவளுடைய அட்டையில் புள்ளி வைத்தபோது, புள்ளி சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே போய் விழுந்தது. கூடவே வீசிங் வேறு. குளிர் காற்று பட்டால் போதும், பழைய கதவு மாதிரி நெஞ்சு கிறீச்சிடும். நர்ஸ் அம்மாவைப் பார்த்து, "தினம் பாலு, முட்டை, இந்த மூச்சு மருந்து, மூணும் நிக்கக் கூடாது" என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். லாண்டரிச் சம்பளம் வாடகைக்குப் போனது. லாரி ஓட்டும் மருமகன் அனுப்பியது மற்றதற்கெல்லாம் போனது. பாலும் முட்டையும் மருந்தும் நர்ஸ் வாயோடு நின்றன.

அப்புறம்தான் பென்ஷன் வந்தது. முதல் மாதமே தராசு மூன்றையும் வாங்கினார். மூச்சு மருந்து ஒன்று, நாளுக்கு ஒரு பாக்கெட் பால், நாளுக்கு இரண்டு முட்டை. முட்டையில் ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று பேத்திக்கு என்பது மகள் போட்ட கணக்கு. அவள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். அதன்பிறகு கணக்கு தாத்தா கையில்.

இன்றைக்குக் குண்டுவின் எடை பதினைந்து கிலோ. புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது. கடைசியாக வீசிங் வந்து மூன்று மாதம் ஆயிற்று. அவளுக்கு ஏறியதும் மூன்றரை. தாத்தாவுக்கு இறங்கியதும் மூன்றரை. இதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை.

"ஏறி நில்லுங்க," என்றாள் மகள், மூலையைக் காட்டி.

அவர் ஏறினார். மகள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டரை. போன வருஷம் அம்பத்திரண்டு எழுதியிருக்காங்க. தினம் முட்டை சாப்பிடறீங்கதானே?"

"முட்டை எனக்கு ஒத்துக்காதும்மா. வாயு."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

மகள் அழவில்லை, திட்டவும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அம்பது காட்டணும்," என்றாள். "மூணு நாள் இருக்கு. என்னப்பா செய்யலாம்?"

"மூணு நாள்ல ஒண்ணரைக் கிலோ சாப்பிட்டு ஏத்தினா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"தண்ணி குடிச்சிட்டு நின்னா?"

"ஒரு லிட்டர் ஒரு கிலோ. ரெண்டு லிட்டரை வயித்துல வெச்சுக்கிட்டு, அவங்க பேர் கேட்டு, வயசு கேட்டு, கையெழுத்து வாங்கற வரைக்கும் என்னால நிக்க முடியாது. என் வயசு உனக்குத் தெரியும்."

"நீங்க பிடிச்சுக் குடுத்த திருட்டுப் பசங்க எல்லாம் என்னதான் பண்ணுவாங்க?"

தராசு மெதுவாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலத்தை இழுத்தார். நான்கு எடைக்கற்கள். முப்பத்தெட்டு வருடமாக அடுத்தவர் பொய்யைப் பிடித்த கற்கள். அவற்றை வைத்தே ஒரு பொய் சொல்லப் போகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் கடிதத்தில் போட்டிருந்த கடைசி வரி அதைவிட அதிகமாக உறைத்தது. மதியச் சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து உண்ண வேண்டும். சாதத்தை எந்த மருந்துக் கடையில் கொடுத்து மூச்சு மருந்து வாங்குவது?

மகள் லாண்டரியிலிருந்து கழித்துப்போட்ட படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, இடுப்புக்கு ஒரு பட்டி தைத்தாள். நான்கு பைகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. புதன்கிழமை ஒத்திகை நடந்தது. பட்டியோடு, மேலே தொளதொளச் சட்டையோடு தராசு ஏறி நின்றார். ஐம்பதரை. மகள் அவரை நடக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள்.

"குனியாதீங்க," என்றாள் அடுத்த நொடியே. "டங்குன்னு சத்தம் வருது."

குண்டு வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா எதுக்கு இடுப்புல கல்லு கட்டியிருக்காரு?"

"முதுகு வலிக்கு," என்றாள் அம்மா. குண்டு அதை மனதில் வாங்கிக்கொண்டு விளையாடப் போனாள்.

வெள்ளிக்கிழமை மகள் லீவு போட்டாள். பத்து மணிக்கு ஆபீசரம்மா வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் தலைக்கவசம், மறு கையில் தரையில் வைத்து ஏறி நிற்கும் வட்ட முகத் தராசு, அக்குளில் ஒரு கட்டுப் படிவம். முகத்தில் நாலு நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

"தண்ணி குடும்மா," என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். "இந்தத் தெருவுல என்னதான் நடக்குதுன்னு தெரியல. திங்கக்கிழமையில இருந்து பதினோரு பேரை எடை பார்த்துட்டேன். பதினோரு பேரும் இளைச்சிருக்காங்க. பதினோரு பேருக்கும் பணத்தை நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன். பதினோரு வீட்டு மருமகளும் என்னை முறைக்கறாங்க."

மகள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஏறுங்க பெரியவரே. செருப்பு வேண்டாம்."

தராசு செருப்பை விட்டார். சுவரைப் பிடிக்காமல், குனியாமல், ராஜா மாதிரி ஏறி நின்றார். ஆபீசரம்மா எட்டிப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"நாப்பத்தொன்பது."

மகளுக்கு மூச்சு நின்றது. தராசுக்கு நிற்கவில்லை. பதினைந்து நிமிடம் முன்னால்தான் தன்னுடைய தராசில் ஐம்பதரை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பதினைந்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோ ஆவியாகப் போக அவர் கொதிக்கிற தண்ணீர் இல்லை.

"அம்பத்திரண்டுல இருந்து நாப்பத்தொன்பது. மூணு கிலோ குறைஞ்சிருக்கு," என்று ஆபீசரம்மா சொல்லிக்கொண்டே எழுதினாள். "நீங்க வருத்தப்படாதீங்க ஐயா. சாப்பாடு நல்லாவே இருக்கும். இது உங்க நல்லதுக்குத்தான்."

"உங்க மெஷின் தப்பு," என்றார் தராசு.

"என்னது?"

"ஒண்ணரைக் கிலோ கம்மியா காட்டுது."

மகள் பின்னாலிருந்து, "அப்பா," என்றாள். சின்னச் சத்தம்தான். ஆனால் அதில், வாயை மூடுங்கள், இன்னும் கிளறினால் இருப்பதும் போகும், இவ்வளவும் இருந்தது. தராசின் காதில் அது விழவே இல்லை. ஒரு தப்பான தராசின் மேல் நின்றுகொண்டிருக்கும்போது அவர் காதில் எதுவும் விழாது.

ஆபீசரம்மா பேனாவை மூடினாள். "ஐயா, எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எதிர் வீட்டுப் பாட்டியும் மெஷின் மேலதான் பழி போட்டாங்க. மெஷின்ல ஆள் இல்லாதப்ப முள்ளு பூஜ்யத்துல நிக்குது, பாருங்க. அப்புறம் எப்படித் தப்பாகும்? தப்புன்னா நிரூபிங்க."

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் வாயால் பதில் சொன்னதில்லை. கை எடைக்கல்லைத் தேடிப் போகும், அவ்வளவுதான். இப்போதும் போனது. தரையில் இறங்கினார், சட்டையைத் தூக்கினார், இடுப்புப் பட்டியின் முன் பையிலிருந்து முதல் அரைக் கிலோவை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

முள் அசையவில்லை.

இரண்டாவதை எடுத்து வைத்தார். ஒரு கிலோ. முள் பூஜ்யத்திலேயே தூங்கியது. முதுகுப் பக்கம் கையை விட்டு மூன்றாவதை எடுத்தார். ஒன்றரைக் கிலோ. அப்போதும் அசைவில்லை. நான்காவதை வைத்தபோதுதான் முள் சோம்பல் முறித்துக்கொண்டு அரைக் கிலோவில் வந்து நின்றது.

"பார்த்தீங்களா?" என்றார் தராசு. முகத்தில் பழைய களை வந்திருந்தது. "பூஜ்யத்துல ஒரு ஆணி இருக்கு. முள்ளு அதுல சாய்ஞ்சுக்கிட்டு நிக்குது. நிஜமா அது பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கு. முதல் ஒண்ணரைக் கிலோ அதை எழுப்பறதுக்கே போயிடுது. கீழே விழுந்துச்சா இது?"

"போன சனிக்கிழமை வண்டியில இருந்து விழுந்துச்சு," என்றாள் ஆபீசரம்மா, தன்னையறியாமல். பிறகு மெஷின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு கற்களைப் பார்த்தாள். பிறகு அவருடைய இடுப்பைப் பார்த்தாள். "இது என்ன?"

"அரைக் கிலோ எடைக்கல். முத்திரை போட்டது."

"அது தெரியுது. இடுப்புல ஏன் இருந்துச்சு?"

தராசுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. சட்டையை மெல்லக் கீழே இறக்கினார். மகள் சுவரோடு சுவராக நின்றாள்.

"முதுகு வலிக்கு," என்றாள் குண்டு, உள்ளறை வாசலிலிருந்து.

ஆபீசரம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு படிவத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்பது, கூட்டல் ஒன்றரை, கழித்தல் இரண்டு. "நாப்பத்தெட்டரை. அப்போ மூணரைக் கிலோ குறைஞ்சிருக்கீங்க. மெஷின் சொன்னதைவிட மோசம். அது மட்டுமில்ல, அரசாங்கத்தையே ஏமாத்தப் பார்த்திருக்கீங்க. இதுக்குச் சாப்பாட்டுச் சீட்டுகூடக் கிடையாது, மொத்தமா ரத்து. தெரியுமா?"

"தெரியும்."

"அந்த மூணரைக் கிலோ எங்கே போச்சு? இவங்க உங்களுக்குச் சோறு போடறதில்லையா?" அவள் பேனா மகள் பக்கம் திரும்பியது.

"எங்கேயும் போகல," என்றார் தராசு. "வீட்டுக்குள்ளதான் இருக்கு." குண்டுவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். மகள் அலமாரியிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினாள். "தன் பங்கு முட்டையையும் இவளுக்கே குடுத்துட்டாரு," என்றாள்.

ஆபீசரம்மா அட்டையை விரித்தாள். கீழே சிவப்புக் கோடு. அதற்கும் கீழே தொடங்கி, மாதம் ஒரு புள்ளியாக மேலே ஏறும் வரிசை. முதல் புள்ளிக்குப் பக்கத்தில் பதினொன்றரை. கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் பதினைந்து. முதல் புள்ளியின் தேதியும், அவள் கையில் இருந்த படிவத்தில் பென்ஷன் தொடங்கிய தேதியும் அடுத்தடுத்த வாரம். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குண்டு தன்னுடைய அட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மூச்சு எப்படி இருக்கு இப்போ?" என்று கேட்டாள் ஆபீசரம்மா. அட்டையில் அதுவும் எழுதியிருந்தது.

"ஓடினாக்கூட வீசிங் வரல," என்றாள் குண்டு. ஆதாரத்துக்காக அறையை ஒரு சுற்று ஓடிக் காட்டினாள்.

ஆபீசரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் யோசனை எங்கே போகிறது என்று தராசுக்குத் தெரிந்தது. ரத்து என்று எழுதினால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேலே கேட்பார்கள். கல்லை வெளியே எடுத்தார் என்று சொல்ல வேண்டும். ஏன் எடுத்தார் என்றால் மெஷின் தப்பு. மெஷின் ஏன் தப்பு என்றால் வண்டியிலிருந்து விழுந்தது. விழுந்த மெஷினை வைத்துக்கொண்டு பதினோரு வீட்டில் பணத்தை நிறுத்தியிருக்கிறாள். நூல் பிடித்துக்கொண்டே போனால் அது அவள் ஸ்கூட்டரில் வந்து முடிகிறது.

"இந்தப் பதினோரு பேருல எத்தனை பேர் நிஜமா இளைச்சிருப்பாங்க?" என்றாள், தனக்குத்தானே கேட்பது போல.

"ஒண்ணரையைக் கூட்டிப் பாருங்க."

அவள் கட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு பேர். ஒன்பது பேர் நன்றாகத்தான் இருந்தார்கள்.

பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். "விதியில ஒண்ணு இருக்கு. மெஷின் பழுதுன்னா, சரியான மெஷின் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் போன வருஷ எடையே செல்லும். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து." பேனா நின்றது. "ஆனா பழுது பெரிசா இருக்கணும். இங்கேயே சரி பண்ணிடலாம்னா, சரி பண்ணி உடனே திரும்பப் பார்க்கணும். நீங்க மெக்கானிக்தானே, பெரியவரே? இதைச் சரி பண்ண முடியுமா?"

மெஷினின் அடியில், இடது ஓரத்தில், பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்தால் அரைச் சுற்று திருப்பினால் முள் எழுந்து சரியான பூஜ்யத்தில் நிற்கும். அரை நிமிட வேலை. சொல்லப்போனால் அவருடைய கட்டைவிரல் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தது. ஒரு தப்பான தராசைச் சரி செய்யாமல் விட்டுவிட்டு அவர் ஓர் இடத்திலிருந்தும் இதுவரை வெளியே வந்ததில்லை.

மகள் அவரையே பார்த்தாள். குண்டு மெஷின் மேலிருந்த கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தராசு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"முடியாது," என்றார். "கம்பெனிக்கு அனுப்பணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"நான் தொழில்ல இருந்தப்போ ஒரு ஆபீஸ் மெஷினை அனுப்பினாங்க. ஏழு வருஷம் ஆச்சு. நான் தொழிலை விட்டேன், அது இன்னும் வரல."

ஆபீசரம்மா அவர் மடக்கிய கையைப் பார்த்தாள். பார்க்காதது போல எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். மெஷினைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்.

"புது மெஷின் ஒரு வருஷத்துல வந்தாலும் வரும். அப்போ நான் வருவேன். உங்க சொந்த அம்பதோட நிக்கணும். முதுகு வலி இல்லாம." பிறகு மகளைப் பார்த்து, "அந்த முட்டையை அவரையே உரிக்க வை, அவரையே திங்க வை," என்றாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மூவரும் அப்படியே நின்றார்கள்.

அதன்பிறகு மகள் சட்டத்தை மாற்றினாள். காலையில் அவள் வேலைக்குப் போகும்போது, வீட்டுச் சாப்பாட்டு அதிகாரி குண்டு. தாத்தா தினமும் ஒரு முட்டை தின்றாரா என்று அவள் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. தராசுக்கு இருநூறு கிராம் ஏறியது.

எட்டாம் நாள், பாலோடு முட்டையும் கொண்டுவரும் பால்கார அம்மா ஒரு முட்டைதான் கொடுத்தாள். இருப்பு இல்லையாம். தராசு அதை அவித்து, உரித்து, கத்தியால் பாதியாக வெட்டினார். எந்தப் பாதி பெரியது என்று தகராறு வந்தது. பெரிய பாதி தாத்தாவுக்கு, அவர்தான் ஏற வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டாள். சரி, நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று தராசு தட்டுத் தராசை இறக்கினார். இடது தட்டில் ஒரு பாதி, வலது தட்டில் ஒரு பாதி. இடது தட்டு கீழே இறங்கியது.

"இது கொஞ்சம் கனம். இது எனக்கு," என்று இடது பக்கத்தைக் காட்டினார் தராசு. "அந்தச் சின்னது உனக்கு. சரியா?"

வலது தட்டில்தான் மஞ்சள் கரு முழுக்க இருந்தது. இடது தட்டில் வெறும் வெள்ளை.

குண்டு முள்ளைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். தட்டின் விளிம்பில் இளைப்பாறிக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்தாள்.

"தாத்தா," என்றாள். "விரலை எடு."